நொறுக்கனுக்கு ஒரு காரணம்

உப்பாத்துமுனையில் நடந்ததைச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரு புதன்கிழமையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு டிவியில் அந்தப் பொம்மைப்படத் தொடரின் ஐம்பத்திரண்டாவது பாகம் ஓடி முடிந்தது, மறுநாள் காலையில் பார்த்தால் லாரி டிரைவர் தவசிமுத்து சித்திரமாகியிருந்தான். உடம்பைச் சுற்றி விரல் தடிமனில் கறுப்புக் கோடு, கோட்டுக்குள்ளே மேடுபள்ளம் இல்லாத ஒரே பழுப்பு, சட்டைக்கு ஒரே நீலம், காலடியில் நிழல் கிடையாது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற பெண்கள் அவனைப் பார்த்தார்கள். "ஏட்டி, அந்தச் சவம் இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்கான்லா" என்றாள் ஒருத்தி, "அவன் என்னைக்கு நல்லா இருந்தான்" என்றாள் இன்னொருத்தி, லாரி வந்தது, எல்லோரும் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்கள். கடல்தண்ணீர் வெயிலில் நின்று நின்று கல்லாவதைத் தினமும் பார்க்கிற ஊர் அது, ஒன்று இன்னொன்றாவது அங்கே பெரிய சேதி இல்லை.

ஆனால் அந்தப் புதன்கிழமைக்குப் பின்னால் பத்தொன்பது வருஷம் கிடக்கிறது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாசம், குடிக்க நல்ல தண்ணீரும் ஒதுங்க ஒரு கூரையும் கேட்டு உப்பளத்துச் சனம் பாத்திவேலையை விட்டுவிட்டு உப்பு போகிற ரோட்டை மறித்து உட்கார்ந்திருந்தது. தவசிமுத்து உப்பு மூட்டை ஏற்றிய லாரியோடு வந்தான், நின்றான், ஆரன் அடித்தான், பிறகு அவர்கள்மேல் ஏற்றினான். நாலு பேர் செத்தார்கள். சொர்ணக்கிளியின் புருஷன் வேலாண்டி, மந்திரமூர்த்தியின் அக்கா பாக்கியத்தாய், வயசாளி ஒருவர், ஆறு மாசக் கர்ப்பிணி ஒருத்தி. பிரேக் பிடிக்கவில்லை என்று வக்கீல் சொன்னார், நீதிபதி நம்பவில்லை, தவசிமுத்து பதினாலு வருஷம் உள்ளே இருந்தான். அதில் இரண்டாம் வருஷம் பெண்டாட்டி செத்துப்போனாள். ஒன்பது வயசு மகள் சுகிர்தாவைச் சித்தி மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

விடுதலையாகி வந்தவன் போக்கிடம் இல்லாமல் பழைய வீட்டுக்கே வந்து சேர்ந்தான். ஊர் அவனை அடிக்கவில்லை. அவனோடு பேசவும் இல்லை. கடைக்காரர் அரிசியைப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்வார். அவன் நடந்தால் தெரு வெறிச்சோடும், அவன் உட்கார்ந்த கல்லில் பிறகு யாரும் உட்கார மாட்டார்கள். அஞ்சு வருஷம் இப்படிப் போனது, அந்த அஞ்சு வருஷமும் ஒவ்வொரு வீட்டிலும் கை முஷ்டியாகி முஷ்டியாகி விரிந்துகொண்டிருந்தது.

சுகிர்தா மெட்ராசில் வளர்ந்து, படித்து, பொம்மைப்படம் எடுக்கிற ஒரு கம்பெனியில் கதை எழுதுகிற வேலையில் சேர்ந்திருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பாவுக்குச் சட்டையும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு ஊருக்கு வருவாள், ஒரு பகல் இருப்பாள், போய்விடுவாள். அந்தப் பகலில் இரண்டு பேரும் நாலு வார்த்தைக்கு மேல் பேசிக்கொள்ள மாட்டார்கள். கேட்பதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை, அவளுக்குத்தான் காரணம் தெரியுமே. சின்ன வயசில் அழுதுகொண்டே கேட்டபோது சித்தி சொல்லியிருந்தாள்: "அன்னைக்கு உனக்குக் காய்ச்சல் கொதிச்சுது. உன்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்னுதான் உங்கப்பன் லாரிய எடுத்துட்டு ஓடியாந்தான். அவுங்க வழிவிடல." நாலு பேர் செத்தது தன் காய்ச்சலால் என்பதை ஒன்பது வயசில் விழுங்கியவள் அதை வெளியே துப்பவே இல்லை. ஜுரம் வந்தால் மருந்து சாப்பிட மாட்டாள், அப்படியே கிடப்பாள்.

அவள் எழுதிய தொடரில் நல்லவள் மின்னலி, பறக்கிற சிறுமி. கெட்டவன் நொறுக்கன். நொறுக்கனுக்கு இரும்பு முகமூடி, எட்டுச் சக்கரத்தில் ஒரு தேர், ஐம்பத்தோரு பாகத்தில் பதினெட்டுக் கிராமங்களை ஏறி நசுக்கியிருந்தான். நசுங்கியவர்கள் பலகைபோலத் தட்டையாகி, உடம்பை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள், பிள்ளைகள் சிரிக்கும்.

கம்பெனி முதலாளி தயாளன் ஒருநாள் அவளைக் கூப்பிட்டார். "சுகிர்தா, இவன் ஏன் நொறுக்குறான்? ஒரு வருஷம் ஆச்சு, எனக்கே தெரியல. என் பொண்ணு கேக்குறா, என்னால பதில் சொல்ல முடியல."

"அவன் கெட்டவன் சார்."

"அது பழைய காலம். இப்போ கெட்டவனுக்கும் மனசு வேணும். மனுஷத்தனமா ஒரு காரணம் குடுங்க. பக்கத்துல உக்காந்து பாக்குற அம்மாக்கள் அழணும்."

அவள் ஒரே மத்தியானத்தில் எழுதிக் கொடுத்தாள். நொறுக்கனுக்கு ஒரு மகள், மகளுக்குக் காய்ச்சல், மருந்து மலைக்கு அந்தப் பக்கம், வழியை மறித்து உட்கார்ந்திருக்கிறார்கள் சனங்கள், கெஞ்சுகிறான், கும்பிடுகிறான், அவர்கள் நகரவில்லை, கண்ணை மூடிக்கொண்டு தேரை விடுகிறான். அதுதான் முதல் நொறுக்கல், அதற்குப் பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. முகமூடியைக் கழற்றினால் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று வரைகிறவர் கேட்டபோது, வலப்புருவத்தில் வெட்டு, மூக்கு லேசாக இடதுபக்கம் வளைந்து, கீழுதடு கனத்து என்று யோசிக்காமலே சொன்னாள். எழுதி முடித்ததும் உடம்பு லேசானதுபோல இருந்தது. தன் அப்பாவுக்கு யாரும் செய்யாததைத் தான் செய்துவிட்டதாக நினைத்தாள்.

அந்தப் பாகத்தைத்தான் புதன்கிழமை நாலரை மணிக்கு உப்பாத்துமுனை பார்த்தது. உப்பளத்தில் வேலை விடியுமுன்னே தொடங்கி வெயில் ஏறுமுன்னே முடிந்துவிடும், சாயங்காலம் சனம் வீட்டில்தான் இருக்கும். முகமூடி கழன்றதும் பிள்ளைகள், "ஏ, நம்ம ஊரு தவசிமுத்துலா" என்று கத்தின. பெரியவர்கள் சோற்றுக் கையோடு வந்து நின்று பார்த்தார்கள். நொறுக்கன் தேம்பித் தேம்பி அழுதான், சோகமாக வயலின் வாசித்தார்கள். மறுநாள் தவசிமுத்து சித்திரமானான்.

முதலில் அடித்தவர் மந்திரமூர்த்தி. அக்கா பாக்கியத்தாய் மடியில் வளர்ந்தவர் அவர், ரோட்டில் சிதறியவளைக் கோணிச்சாக்கில் அள்ளிச் சேர்த்ததும் அவர்தான். வியாழக்கிழமை பாத்திவேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் கடப்பாரையோடு நேரே வந்தார். "காய்ச்சலாம்லா, காய்ச்சல்! எங்க அக்காவ நசுக்குனதுக்கு வயலின் வேற வாசிக்கியோல?" என்று கேட்டு, வாசலில் நின்றவனின் உச்சந்தலையில் போட்டார். தலை தோளுக்குள் இறங்கியது, கழுத்து இடுப்புக்குள் இறங்கியது, மூடிய குடைபோல ஆள் சுருங்கி நின்றான்; பிறகு மெல்ல மெல்லத் தலை மேலே வந்தது, புருவத்து வெட்டு வந்தது, மூக்கு வந்தது, பழையபடி நின்றான். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மந்திரமூர்த்தி கடப்பாரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி அடித்தார். மத்தியானம் வரைக்கும் அடித்தார். கையில் கொப்புளம் உடைந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுத்தார், மறுநாள் பகல்வரை தூங்கினார். அவருடைய பெண்டாட்டி தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் வாயில் விரலை வைத்து, "சத்தம் போடாதிய, அவிய தூங்குதாவ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் வரிசை நின்றது. தினமும் காலை பத்து மணிக்குத் தொடங்கி வெயில் உச்சிக்கு வரும்வரை, தவசிமுத்து வீட்டு முற்றத்திலிருந்து தபாலாபீஸ்வரை. பஞ்சாயத்துக் கூடி ஒழுங்கு வைத்தது: செத்த நாலு பேரின் வீட்டார் முதலில், அன்றைக்கு ரோட்டில் உட்கார்ந்து கைகால் போனவர்கள் அடுத்தது, செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு. ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. வந்து பார்த்தார், தவசிமுத்துவின் கையைத் தூக்கிப் பார்த்தார், முதுகைத் திருப்பிப் பார்த்தார், "காயம் இல்லன்னா கேஸ் இல்ல" என்று சொல்லி, வரிசையில் தள்ளுமுள்ளு வராமல் பார்த்துக்கொள்ள ஒரு ஏட்டை நிறுத்திவிட்டுப் போனார். எதிரே டீக்கடைக்காரர் பந்தல் போட்டார். நிற்கிறவர்களுக்கு மோர் கொடுக்க ஒரு சங்கம் முன்வந்தது. தூக்கமாத்திரை கேட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள் என்றும், குடியை விட்டவர்கள் உண்டு என்றும் ஊருக்குள் பேச்சு இருந்தது.

கடப்பாரையால் அடித்தார்கள், அடுப்புக்கல்லால் அடித்தார்கள், உப்பு வாருகிற பலகையால் வாயில் அடித்துப் பல்லெல்லாம் பொலபொலவென்று உதிர்வதையும் அவை தாமே தாவி ஈறில் போய் உட்காருவதையும் பார்த்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள், கரிக்கட்டையாகி, இரண்டு வெள்ளைக் கண்ணை மட்டும் சிமிட்டி, உதறினான், பழுப்பாகிவிட்டான். கர்ப்பிணியின் புருஷன் உப்பு லாரியையே கொண்டுவந்து ஏற்றினான், முன்னால் ஒருதரம் பின்னால் ஒருதரம், தரையோடு ஒட்டிக் கிடந்தவனைப் பாய்போலச் சுருட்டிச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து செத்தவளின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டான். சாய்த்து வைத்தவன் மெல்ல விரிந்து எழுந்தான். இரண்டு மாசத்தில் வெளியூர்க்காரர்களும் வரத் தொடங்கினார்கள். தவசிமுத்துவை முன்னே பின்னே தெரியாதவர்கள், வேறு யாரையோ அடிக்க வேண்டியிருந்து அடிக்க முடியாதவர்கள், மாமனாரால் எரிக்கப்பட்டுப் பிழைத்தவள் ஒருத்தி, மேலதிகாரியிடம் செருப்படி பட்ட ஒருவன். வந்தார்கள், அடித்தார்கள், மோர் குடித்துவிட்டு பஸ் ஏறினார்கள்.

அடிக்கு நடுவே அவன் ஒன்றும் சொல்வதில்லை. சொன்னாலும் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

ஆனால் கையென்பது வாசலோடு பழகி நிற்கிற நாய் இல்லை. காலையில் தவசிமுத்துவை அடித்த கை மத்தியானம் வீட்டில் சும்மா இருக்கவில்லை. சோறு ஆறிப்போனதற்குத் தட்டை முகத்தில் எறிந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒன்றின் தலையை ஒன்று சுவரில் மோதிவிட்டு, எழும்பட்டும் என்று இடுப்பில் கைவைத்து நின்றன. ஆஸ்பத்திரியில் பஞ்சு தீர்ந்தது. ஆனி மாசம் சங்குமணி என்கிற பம்புசெட்டுக்காரன், சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப்போன மச்சினனை ஸ்பானரால் தலையில் அடித்தான். அடித்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். தலையிலிருந்து வந்தது கறுப்பாகத் தரையில் பரவி அவன் காலை நனைத்தபிறகும் உட்கார்ந்திருந்தான். இரண்டு மணி நேரம் கழித்துத் தங்கச்சி வந்து பார்த்து மார்பில் அறைந்துகொண்டு விழுந்தபோது, "எந்திரிச்சுருவான்னு நெனச்சேன்டி. எந்திரிக்கத்தான செய்வாங்க" என்றான். அவனைக் கூட்டிக்கொண்டு போகிறவரை அதையே சொன்னான்.

அந்தச் சாவுக்கு மறுநாளும் தவசிமுத்து வாசலில் வரிசை நின்றது.

சுகிர்தாவுக்கு வரிசை நிற்கிற சங்கதி தெரிந்தது அந்தச் சாவுக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னால்தான். வந்து இறங்கியவள் தபாலாபீஸ் முனையில் கூட்டத்தைப் பார்த்து ஏதோ கோயில்கொடை என்று நினைத்தாள். உள்ளே நுழைந்தபோது இரண்டு பேர் அவள் அப்பாவை ஆளுக்கு ஒரு காலைப் பிடித்து எதிரெதிரே இழுத்துக்கொண்டிருந்தார்கள், ரப்பர்போல இருபதடி நீண்டு கிடந்தான் அவன். உச்சிவெயிலில் எல்லோரும் போனபிறகு அவனைக் கைத்தாங்கலாகப் பிடித்தாள். காகிதக்கனம்தான் இருந்தான்.

"வலிக்குதாப்பா?"

"வலிக்காமயா. எல்லாம் வலிக்குது. காயந்தான் நிக்க மாட்டேங்குது."

"ஓடிப் போயிரலாம். என்கூட வாங்க."

"ஓடிப் பாத்தேன் தாயி. ஊர் எல்லையில ஒரு கோடு இருக்கு. அதத் தாண்டுனா மறுபடி இந்த வாசல்லதான் நிக்கேன்."

அவள் தயாளனுக்கு போன் செய்தாள், நொறுக்கனை எடுத்துவிடலாம் என்றாள். "நல்லா சொன்னீங்க போங்க" என்றார் அவர், "இப்போ அவனுக்காகத்தான் பாக்குறாங்க. இன்னும் உள்ள போங்க. சின்ன வயசு எழுதுங்க." அவள் ஊரிலேயே தங்கி எழுதினாள். இன்னும் மனுஷத்தனமான காரணம் கொடுத்தால் ஊர் இளகும், வரிசை குறையும் என்று நம்பினாள். நொறுக்கனுக்குப் பசித்த பால்யம் எழுதினாள், பெல்ட்டால் அடிக்கிற தகப்பனை எழுதினாள், கடலில் போய்த் திரும்பாத அண்ணனை எழுதினாள். ஒவ்வொரு புதன்கிழமையும் நாடு முழுக்க அம்மாக்கள் அழுதார்கள், ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவள் அப்பாவைச் சுற்றியிருந்த கோடு இன்னும் தடித்தது. முதலில் ரேகைகள் போயின, பிறகு நகம் போனது, பிறகு குரல் சின்னதாகி டிவி சத்தம்போல் ஆனது. அவள் கட்டிக் கொடுத்த காரணங்கள் ஒவ்வொன்றும் அவனிடமிருந்து ஒரு பிடி மனுஷனை எடுத்துக்கொண்டு போகின்றன என்று அவளுக்குப் புரிந்தது. எழுதுவதை நிறுத்தினாள். கம்பெனி வேறு ஒருவரை வைத்துக்கொண்டது. கோடு தடித்துக்கொண்டே போனது.

வரிசையில் ஒருநாள்கூட நிற்காத ஒரே ஆள் வேலாண்டியின் பெண்டாட்டி சொர்ணக்கிளி. முதல் ஆளாக நிற்க அவளுக்குத்தான் பாத்தியதை என்று பஞ்சாயத்தில் சொல்லியிருந்தார்கள். "எனக்கு வேலை கெடக்கு" என்று சொல்லிவிட்டாள். சங்குமணியின் மச்சினனைப் புதைத்த ஒன்பதாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, பாத்தியிலிருந்து அப்படியே வந்தாள், காலெல்லாம் உப்பு. கூட்டம் தானாக வழிவிட்டது. அன்றைக்குப் பெண்கள் முறை, ஆனாலும் அக்காவின் பேரால் தினமும் வந்துகொண்டிருந்த மந்திரமூர்த்தி கடப்பாரையைத் துடைத்து நீட்டினார். "இந்தா யக்கா. இதுதான் கைக்கு வாகா இருக்கும்."

அவள் அதை வாங்கித் தரையில் ஊன்றிக்கொண்டு தவசிமுத்துவுக்கு எதிரே நின்றாள். சுகிர்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏ தவசிமுத்து. எதுக்கு ஏத்துன?"

பத்தொன்பது வருஷத்தில் அந்த ஊரில் யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை.

"புள்ளைக்குக் காய்ச்சல், மைனி" என்றான் அந்தச் சின்னக் குரலில். வேலாண்டியும் அவனும் ஒரு தட்டில் தின்றவர்கள், அந்தக் காலத்தில் அவளை அண்ணி முறை வைத்து அப்படித்தான் கூப்பிடுவான்.

"அது டிவியில சொன்னது. அன்னைக்குக் காலையில உன் மவ என் வீட்டு முத்தத்துல என் புள்ளையோட பாண்டி வெளையாடிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் ரெண்டுக்கும் கஞ்சி ஊத்துனேன். நீயும் குடிச்சுட்டுத்தான் போன. எதுக்கு ஏத்துன?"

"சின்ன வயசுல எங்கப்பா பெல்ட்டால…"

"உங்கப்பன் பெல்ட்டு கட்டி நான் பாத்ததில்ல. எதுக்கு ஏத்துன?"

"உப்பள முதலாளி…"

"முதலாளி ஆரன் அடிச்சுட்டு நில்லுன்னாரு, அத கோர்ட்டுலயே சொல்லிட்டாவ. தவசி, எனக்கு அழுகாச்சிக் கதை வேண்டாம். நான் தெனமும் அந்த ரோட்டு வழியாத்தான் வேலைக்குப் போறேன். எதுக்குன்னு மட்டும் சொல்லு."

அவன் சொன்னான், சொல்லச் சொல்லக் குரல் கனத்தது.

"வேலாண்டி எந்திரிச்சு வந்தான் மைனி. லாரி முன்னால வந்து, மாட்டத் தட்டுத மாதிரி பானட்டத் தட்டிக் குடுத்தான். 'தவசி நம்ம பயதான், ஏத்த மாட்டான், ஏத்துததுக்கு ஆம்பளையா இருக்கணும்லா'ன்னான். எல்லாரும் சிரிச்சாவ. பாக்கியத்தாய் சிரிச்சா. அந்த மாசமா இருந்த புள்ளையும் முந்தானைய வாயில வச்சிச் சிரிச்சுது. தப்பா ஒண்ணும் சிரிக்கல, கேலிதான். எனக்கு மொகமெல்லாம் எரிஞ்சுது. நான் அமுக்குனேன். கால் வழுக்கல, பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு, நான்தான் அமுக்குனேன்."

அவன் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. வேர்வை இறங்கிய வழியில் கறுப்புக் கோடு கரைந்தது.

"மொதச் சக்கரம் ஏறுனதும் தெரிஞ்சுது. அப்பவே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. ரெண்டு மூச்சு நேரம்… ரெண்டு மூச்சு நேரம் எனக்கு நல்லா இருந்துச்சு மைனி. சிரிப்பு நின்னுபோச்சுல்லா."

அவன் முகத்தில் நரைத்த தாடி இருந்தது, கழுத்தில் சுருக்கம் இருந்தது, புழுங்கிய சட்டை நாற்றம் அடித்தது. காலடியில் குட்டையாக ஒரு நிழல் விழுந்து கிடந்தது. எல்லோரும் பார்த்தார்கள். மந்திரமூர்த்தி இரண்டடி பின்னால் போனார். கூட்டத்தில் பின்னால் நின்ற வெளியூர்க்காரன் ஒருவன் விவரம் தெரியாமல் கல்லைத் தூக்கினான், பக்கத்திலிருந்தவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

சொர்ணக்கிளி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். "இனிமே அடிச்சா ஒடையும்" என்றாள். "நல்லாப் பாத்துக்கிடுங்க. அடிச்சா ரத்தம் வரும், செத்தா எந்திரிக்க மாட்டான். யாராருக்கு வேணும்? வரிசையா வாங்க."

ஒருவரும் வரவில்லை. வரிசையின் கடைசியிலிருந்து ஒவ்வொருவராகக் குடையை மடக்குவதும் செருப்பைத் தேடுவதுமாகக் கலையத் தொடங்கினார்கள்.

அவள் தவசிமுத்து பக்கம் திரும்பினாள். "எந்தக் கால்?"

அவன் வலதுகாலை முன்னே வைத்தான்.

கடப்பாரையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி ஒரே அடி அடித்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் பந்தலில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. அவன் அலறியது, பல மாசங்களாகக் கேட்ட பொம்மைச் சத்தம் இல்லை. அடிவயிற்றிலிருந்து, அறுக்கிற மாட்டைப்போல. வெள்ளை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு நின்றது, ரத்தம் கொட்டி உப்பு படிந்த அவள் பாதத்தையும் சேர்த்து நனைத்தது. இத்தனை நாள் கொளுத்தியவர்களும் லாரி ஏற்றியவர்களும் அந்த ரத்தத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள், ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். சொர்ணக்கிளி கடப்பாரையைக் கீழே போடவில்லை. "ஆட்டோவக் கூப்பிடு" என்று டீக்கடைக்காரரிடம் சொன்னாள்.

ஆட்டோவில் சுகிர்தா அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு துண்டைச் சுருட்டிக் காயத்தில் அமுக்கினாள். தலை கனமாக இருந்தது. துண்டு நனைந்து கைக்கு வந்தது.

"அப்போ என் காய்ச்சல்?" என்றாள்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அவளை அண்ணாந்து பார்த்தான். "என்ன காய்ச்சல் தாயி? உனக்குக் காய்ச்சல் அடிச்சுதுன்னு டிவியில பாத்துத்தான் எனக்கே தெரியும்."

அவளுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும்போல இருந்தது. அந்தத் தலையைத் தள்ளிவிட்டு இறங்கிப் போய்விட வேண்டும்போல இருந்தது. இத்தனை வருஷமாகத் தன்மேல் உட்கார்ந்திருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து போகிறார்கள், போகும்போது இந்த மனுஷன்மேல் அவளுக்கு இருந்த பாசத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறியது, அவன் மறுபடி அலறினான். கையை எடுத்தால் ரத்தம் வரும். அவள் எடுக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்காமல் வெளியே வெள்ளை வெளேரென்று ஓடுகிற பாத்திகளைப் பார்த்தபடியே ஆஸ்பத்திரிவரை அமுக்கிக்கொண்டு போனாள்.

அதே நேரத்தில் சொர்ணக்கிளி கடப்பாரையோடு கடைத்தெரு வழியே நடந்து ஸ்டேஷனுக்குள் போனாள். எஸ்.ஐ. எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, தவசிமுத்துவ அடிச்சிருக்கேன். காயம் இருக்கு. இப்போ கேஸ் உண்டுல்லா, எழுதிக்கிடுங்க."

அவர் அவள் காலைப் பார்த்தார், கடப்பாரையைப் பார்த்தார். தாளை எடுத்தார். "எத்தன அடிம்மா?"

"ஒண்ணு."

"எதால?"

"இதால."

"புருஷனக் கொன்னவன். இத்தன வருஷ வேதனை. நான் நல்லபடியா எழுதுறேன், கோர்ட்டுல எடுபடும். என்ன காரணத்துக்காக அடிச்சன்னு நீ சொல்லு."

"காரணம் ஒண்ணும் எழுதாதிய."

"காரணம் எழுதணும்மா. அதுக்குன்னு எடம் இருக்கு."

"அந்த எடத்தச் சும்மா விடுங்க. சொர்ணக்கிளி அடிச்சா, அவன் கால் ஒடைஞ்சுது. அவ்வளவுதான் நடந்துச்சு. அத எழுதுங்க."

அவர் அப்படியே எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். ஏட்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அடித்த வேகத்தில் தோள்பட்டை பிசகியிருந்ததால் டம்ளரை வாயருகே கொண்டுபோக முடியவில்லை, தண்ணீர் மாரில் சிந்தியது. சிந்தியதைத் துடைக்கப்போனவள் துடைக்காமல் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து, புருஷன் பேரைச் சொல்லி, பிணத்தை இப்போதுதான் வீட்டில் இறக்கியதுபோல, தலையை விரித்துப்போட்டுக்கொண்டு பெருங்குரலெடுத்து அழுதாள். கடைத்தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். அவள் அழுது முடிக்கிறவரை அவளை உள்ளே கூட்டிப் போக யாரும் வரவில்லை.